ஒரு விகுதித் திருத்தம்

அறை எண் 303, ஹெலீனா, பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே பனிவாரி வண்டியொன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகிறது.
சாட்சிக்கு மூன்று நிமிடம்.
நான் குழுவின் எழுத்தர்.
தட்டச்சு செய்யத்தான் சம்பளம்,
தலையசைக்க இல்லை.

மார்லிஸ் ட்வெய்ட் ஒலிவாங்கியைப்
பக்கத்தில் இழுக்கவில்லை.
இருபத்திரண்டு வருடம்
உதட்டருகே ஒன்றை வைத்திருந்தவள்.

"இடது காதில் ஷெரீப்" என்றாள்.
"வலது காதில் வனத்துறை.
நெடுஞ்சாலைத் துறைக்குக் காது மிச்சமில்லை,
அவர்களுக்குத் தொலைபேசி.
அதை எடுப்பவர் ஐந்து மணிக்கு
வீட்டுக்குப் போய்விடுவார்.
தீக்கு அது தெரியாது."

யாரோ சிரித்தார்கள்.
சிரித்தால் சிரிப்பென்று பதிவில் போடுவது வழக்கம்.
போடவில்லை.

ஆகஸ்ட் ஒன்பது, மாலை ஆறு நாற்பது.
காற்று திரும்பியது.
முகட்டில் நின்றவன் வனத்துறை அலைவரிசையில் சொன்னான்
தீ ஓடையைத் தாண்டிவிட்டதென்று.
வலது காதால் கேட்டு
இடது பக்கம் சொன்னாள்.
ஷெரீப் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்,
இரண்டு முறையும் சொன்னாள்.
தொலைபேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பாலத்தடியில் ஆரஞ்சுச் சட்டையில் நின்ற
கோல்பி ரென்ஃப்ரோவின் கையில்
காலையில் கொடுத்த காகிதம் இருந்தது.
அதில் எழுதியிருந்தபடி
வண்டிகளை ஓடை வழியே திருப்பிவிட்டார்,
கையசைத்து, மரியாதையாக.
ஏழாவதாக வந்தது
இரண்டு குதிரைகளை இழுத்துவந்த ஒரு பிக்கப்.

குதிரைகள் மறுநாள் வேலியோரம் நின்றன,
பிடரி கருகி.
பின்கதவைத் திறந்துவிட்டது யார் என்பது
விசாரணை அறிக்கையின் நாற்பதாம் பக்கம்.
நேடின் ஓஸ்ட்பி, வயது ஐம்பத்தொன்று.
பிக்கப்பிலிருந்து முப்பதடி தூரத்தில்.

மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது.
தலைவர் அதைக் கையால் பொத்தினார்.

மசோதா சின்னது.
"மாநிலத் துறைகள் யாவும்
ஒரே அவசர அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்."
அதன் கீழே கெடுத்தேதி,
அதன் கீழே தொகை,
அந்தத் தொகையைச் சுற்றி யாரோ போட்ட பென்சில் வட்டம்.

செனட்டர் ஹூக்ஸ்ட்ரா கெட்டவர் அல்ல.
அவர் கவுண்டியில் ஆம்புலன்ஸுக்கு டயர் மாற்றவே
பான்கேக் விற்றுக் காசு சேர்த்தார்கள்.
"என் ஜனங்களை வேண்டும் என்று சொல்லி மிரட்டாதீர்கள்,
வழி திறந்து வையுங்கள், வருவார்கள்" என்றார்.
திருத்தம் கொண்டுவந்தார்.

நாலெழுத்தை எடுத்து
இரண்டெழுத்தை வைத்தேன்.
பகிர்ந்துகொள்ளலாம்.

கேட்க எவ்வளவு இதமாயிருக்கிறது.
விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி.
வரலாம், இருக்கலாம்,
முடியாவிட்டால் விட்டுவிடலாம்.
விசாரணை அறிக்கையையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.
ஏழு வண்டிக்கும் ஜன்னல் பக்கம் குனிந்து
கோல்பி சொன்னது ஒரே ஒரு சொல்:
போகலாம்.

அவர் மூன்றாம் வரிசையில் இருந்தார்,
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு.
பேசப் பெயர் கொடுக்கவில்லை.
வாக்கெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து
பார்க்கிங் மீட்டருக்குச் சில்லறை இருக்கிறதா என்று
பக்கத்து வரிசையில் கேட்டார்.
திரும்பி வரவில்லை.

ஆறுக்கு மூன்று.
திருத்தத்தோடு ஏற்கப்பட்டது.

மார்லிஸ் நடைக்கூடத்தில் கம்பளித் தொப்பியை
முதலில் இடது காதுக்கு இழுத்தாள், பிறகு வலதுக்கு.
வாசலில் பனிவாரி வண்டிக்காரர் வானொலியில்
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
அவள் நின்றாள்.
பதில் வரும்வரை நின்றாள்.

இரவு சுத்தப்பிரதி எடுத்தபோது
பழைய சொல்லே வந்து விழுந்தது.
விரலின் பழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கொஞ்ச நேரம் அதைத் திரையில் விட்டுவைத்து
காப்பி எடுத்துவரப் போனேன்.
வந்து அழித்தேன்.

வியாழக்கிழமை அவைக்குப் போகிறது.